சென்னை ரோட்டில் தினமும் ஒரு ஸ்போர்ட்ஸ் கார்

ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி சென்னையில் எங்கே ஓட்டுவது என்று கேட்காதவர்கள் இல்லை. பள்ளம், மெட்ரோ வேலை, மழைத் தண்ணீர், கத்திரி வெயில் என்று காரணங்களை அடுக்குவார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் இந்த ஊரில் இந்த மாதிரி வண்டிகளை வருடக்கணக்கில் வைத்திருப்பவர்களிடம் பேசிப் பாருங்கள். அவர்கள் தண்டம் அழுத செலவில் பெரும்பங்கு, வண்டிக்கு உறை போட்டு மாதக்கணக்கில் நிறுத்தியதால் வந்தது. அதனால் வாங்க நினைக்கும் யாரிடமும் நான் முதலில் சொல்வது இதுதான்: வாங்கினால் அடிக்கடி ஓட்டுங்கள், முடிந்தால் தினமும். அதற்கு வாய்ப்பில்லை என்றால் வாங்குவதைத் தள்ளிப் போடுங்கள்.

என்னுடையது 2014 மாடல் போர்ஷே பாக்ஸ்டர். 2.7 லிட்டர், ஆறு சிலிண்டர், 265 குதிரைத்திறன், பிடிகே ஆட்டோமேட்டிக் கியர். இரண்டே சீட், எஞ்சின் சீட்டுக்குப் பின்னால். செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். வீடு வேளச்சேரியில், ஆபீஸ் சோழிங்கநல்லூரில். தினமும் இதில்தான் போகிறேன். மளிகை வாங்கவும் இதுதான். முன்னால் 150 லிட்டர், பின்னால் 130 லிட்டர் என்று இரண்டு டிக்கி இருப்பதால் மாதச் சாமான் தாராளமாகப் பிடிக்கும். கீழே எழுதியிருப்பதில் பாதி நானே ஓட்டித் தெரிந்துகொண்டது, மீதி என்னைவிட மூத்த ஓனர்கள் சொல்லிக் கொடுத்தது.

முதலில் பேட்டரி. வண்டி பூட்டிக் கிடந்தாலும் அலாரம், சென்ட்ரல் லாக், உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக கரன்ட் இழுத்துக்கொண்டே இருக்கும். சில வாரம் தொடாமல் விட்டால் பேட்டரி படுத்துவிடும். மற்ற வண்டி என்றால் பானட்டைத் திறந்து ஜம்ப் போட்டுவிடலாம். போர்ஷேயில் பேட்டரி முன் டிக்கிக்குள் இருக்கிறது, அந்த டிக்கியின் பூட்டு கரன்டில் திறக்கும் பூட்டு. பேட்டரி இல்லாமல் டிக்கி திறக்காது, டிக்கி திறக்காமல் பேட்டரியைத் தொட முடியாது. ராஜா அண்ணாமலைபுரத்தில் பழைய 911 வைத்திருக்கும் டாக்டர் ஒருவர் வீட்டில் இதை நேரில் பார்த்தேன். வெளிநாட்டில் மகள் வீட்டில் தங்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். வண்டியில் ஒரு லைட்கூட எரியவில்லை. வந்த மெக்கானிக் பையன் டிக்கி விளிம்பில் ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பப் போனான். "தம்பி, அதைத் தொடாதப்பா, இங்க வா" என்று அவனை அழைத்தார் டாக்டர். சாவி போட்டு டிரைவர் கதவைத் திறந்தார். காலடியில் இருந்த ஃப்யூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்து ஒரு சிவப்பு முனையை வெளியே இழுத்தார். அதில் ஜம்பர் கேபிளின் பாசிட்டிவ், கதவு பூட்டு வந்து மாட்டும் இரும்பு வளையத்தில் நெகட்டிவ். அலாரம் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தியது. ரிமோட்டை அழுத்தியதும் அடங்கியது. அடுத்த நிமிடம் டிக்கி திறந்தது. அந்தச் சிவப்பு முனை டிக்கியைத் திறக்க மட்டும்தான். எஞ்சினை ஸ்டார்ட் செய்ய, கேபிளை எடுத்து உள்ளே இருக்கும் உண்மையான பேட்டரியில் மாட்ட வேண்டும். உங்கள் வண்டியில் இந்த முனை எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குப் போவதாக இருந்தால், பேட்டரிக்கு மெல்ல மெல்ல கரன்ட் ஏற்றும் டிரிக்கிள் சார்ஜர் மாட்டிவிட்டுப் போவது நல்லது. பேட்டரி நிரம்பியதும் தானே குறைத்துக்கொள்ளும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். அபார்ட்மென்டில் இருப்பவர்கள் தங்கள் பார்க்கிங்கில் ஒரு பிளக் பாயின்ட் வாங்க அசோசியேஷனிடம் பேச வேண்டியிருக்கும். சப்மீட்டர் போட்டுக்கொள்கிறேன் என்று நாமே முன்வந்து சொன்னால் பெரும்பாலும் மறுப்பதில்லை.

நின்ற வண்டிக்கு வரும் மற்ற தொல்லைகளும் இருக்கின்றன. கடல் காற்று படும் ஊர் என்பதால் பிரேக் டிஸ்க்கில் ஒரே இரவில் துரு படரும். தினமும் ஓட்டினால் முதல் இரண்டு மூன்று பிரேக்கில் அது போய்விடும், வாரக்கணக்கில் விட்டால் குழி விழும். டயரில் ஒரே பக்கம் எடை அழுந்தித் தட்டையாகும். எல்லாவற்றையும்விட எலி. எஞ்சின் நடுவில் மூடிக் கிடப்பதால் அதற்குப் பாதுகாப்பான வீடு. வயரைக் கடித்துவிட்டால் எந்த வயர் என்று கண்டுபிடிக்கவே கூலி அதிகம் ஆகும். புகையிலை, நாப்தலின் உருண்டை எல்லாம் கொஞ்ச நாளைக்கு வேலை செய்யும். உண்மையில் எலியை விரட்டுவது தினசரி ஸ்டார்ட் ஆகும் எஞ்சின்தான். அதோடு பார்க்கிங் பக்கத்தில் குப்பைத் தொட்டி இருந்தால் இடம் மாற்றிக்கொள்ளுங்கள்.

இனி ஸ்பீடு பிரேக்கர். சாலை அமைப்பதற்கான விதிகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி அமைத்த வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உள்ள மெதுவான வளைவு. பாக்ஸ்டரின் முன் பின் சக்கரத்துக்கு இடையே உள்ள தூரமே இரண்டரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதனால் அந்த அளவில் போட்ட தடையில் வண்டி முழுதாக ஏறி முழுதாக இறங்கிவிடும், அடி தட்டாது. பிரச்சினை, தெருக்காரர்களே தாரையோ சிமென்டையோ கொட்டி எழுப்பிய குறுகலான மேடுகளிலும், வரிசையாகப் பதித்த ரப்பர் கட்டைகளிலும்தான்.

அதில் ஏறும்போது பெரும்பாலானோர் கடைசி நொடிவரை பிரேக்கை மிதித்தபடியே போகிறார்கள். பிரேக் பிடித்தால் வண்டியின் மூக்கு கீழே அமுங்கும். அமுங்கிய மூக்கோடு மேட்டில் ஏறினால் பம்பரின் அடி உரசத்தான் செய்யும். மேட்டுக்கு ஒரு அடி முன்னாலேயே வேகத்தைக் கொன்றுவிட்டு, பிரேக்கை விட்டு, மூக்கு நிமிர்ந்த பிறகு சும்மா உருள விடுங்கள். இடம் இருந்தால் கோணலாக, ஒரு சக்கரம் ஏறிய பிறகு மறு சக்கரம் ஏறும்படி போங்கள். கோணலாகப் போவதற்கு முன் இடது கண்ணாடியைப் பார்க்க மறக்காதீர்கள், நம் ஊரில் அந்தச் சந்தில் ஒரு பைக் கட்டாயம் நுழையும். முன் லிப்பின், அதாவது பம்பரின் கீழ் விளிம்பின், அடியில் இருக்கும் கருப்பு பிளாஸ்டிக் பட்டை தேயத்தான் செய்யும். அது தேய்வதற்காகவே வைத்தது, அதற்காக மனம் உடைய வேண்டாம்.

பேஸ்மென்ட் சரிவு இன்னும் மோசம். சரிவு முடிந்து சமதளம் தொடங்கும் மடிப்பில்தான் முன் லிப் மாட்டும். வீடு வாங்கும்போது, வாடகைக்குப் போகும்போது அந்தச் சரிவில் வண்டியை இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். எங்கள் வாட்ச்மேன் அண்ணன் ஆரம்பத்திலேயே கீழே குனிந்து பார்த்து, "சார், கொஞ்சம் ரைட்ல ஒடிச்சு வாங்க, அங்க சரிவு கம்மி" என்று காட்டிக் கொடுத்த கோட்டில்தான் இன்றுவரை இறங்குகிறேன்.

டயர் விஷயத்தில் என் கருத்து உறுதியானது. சென்னைக்கு 18 அங்குல வீல்தான் சரி. பாக்ஸ்டருக்கு 18, 19, 20 மூன்றும் வந்தன. 20 அங்குல வீல் பார்க்க அழகாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் முன் டயரை எடுத்துக்கொள்ளுங்கள். 18 அங்குலத்தில் 235/45, அதாவது பக்கச் சுவரின் உயரம் 235 மில்லிமீட்டர் அகலத்தில் 45 சதவீதம், சுமார் 106 மில்லிமீட்டர். 20 அங்குலத்தில் 235/35, சுமார் 82 மில்லிமீட்டர். குழியில் இறங்கும்போது வீலைக் காப்பாற்றுவது அந்த 24 மில்லிமீட்டர் கூடுதல் ரப்பர்தான். ஓஎம்ஆரில் வெட்டிப் போட்ட ஓரத்தில் ஒரு தடவை இறங்கினால் வீல் நெளிவதும் டயரின் பக்கம் வெடிப்பதும் 20 அங்குலத்தில் சாதாரணம். பின்னால் 265 அகல டயர் என்பதால் முன் பின் மாற்றிப் போட முடியாது, பின் டயர்தான் முதலில் தேயும். சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம். ஆனால் இவ்வளவு அகலமான டயரில் காடி தேய்ந்துவிட்டால் தண்ணீரைத் தள்ள முடியாமல் வண்டி தண்ணீர்மேல் மிதக்க ஆரம்பிக்கும். அதனால் ஐப்பசி மழை தொடங்கும் முன் 3 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் மாற்றிவிடுங்கள். செகண்ட் ஹேண்ட் வண்டியில் டயரின் பக்கத்தில் இருக்கும் நான்கு எண்களைப் பாருங்கள், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். காடி புதிது போல இருந்தாலும் ரப்பர் வயதாகிக் கல்லாகியிருக்கலாம்.

ஸ்டெப்னி கிடையாது. காற்றடிக்கும் சிறிய மோட்டாரும் ஓட்டை அடைக்கும் பசையும்தான் கொடுப்பார்கள். ஆணி குத்திய ஓட்டைக்கு அது போதும், பக்கம் கிழிந்தால் காரை முழுதாக மேலே ஏற்றிக்கொண்டு போகும் பிளாட்பெட் வண்டிதான் வர வேண்டும். கயிறு கட்டி இழுக்கவோ, முன் சக்கரத்தை மட்டும் தூக்கி இழுக்கவோ யாரையும் விடாதீர்கள். டூல் கிட்டில், வீல் திருடு போகாமல் பூட்டும் லாக் நட்டுக்கான சாக்கெட்டும், பம்பரில் திருகி மாட்டும் இழுவைக் கொக்கியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். லாக் நட் சாக்கெட் இல்லாமல் எந்தப் பஞ்சர் கடைக்காரரும் வீலைக் கழற்ற முடியாது.

டிராஃபிக்கில் பிடிகே கியரை எப்படி ஓட்டுவது என்பதையும் சொல்ல வேண்டும். அது ஆட்டோமேட்டிக் மாதிரி நடந்துகொண்டாலும் உள்ளே இருப்பது இரண்டு கிளட்ச். ஒற்றைப்படை கியருக்கு ஒன்று, இரட்டைப்படைக்கு ஒன்று. பிரேக்கை லேசாக விட்டு விட்டு அங்குலம் அங்குலமாக நகர்த்தினால், கிளட்ச் பாதி பிடித்து பாதி வழுக்கிச் சூடாகும். கிண்டியிலோ ஓஎம்ஆரிலோ நின்று நகரும்போது முன்னால் ஒரு கார் நீளம் இடைவெளி விழும்வரை பிரேக்கை நன்றாக மிதித்தே நில்லுங்கள். மிதித்திருந்தால் கிளட்ச் விலகியிருக்கும். இடம் கிடைத்ததும் ஒழுங்காக எடுத்துப் போய் மறுபடி நில்லுங்கள். அந்த இடைவெளியில் ஆட்டோ நுழையும். நுழையட்டும். மேம்பாலச் சரிவில் ஆக்ஸிலரேட்டரை மிதித்து வண்டியை நிறுத்தி வைப்பதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்.

வெயிலைப் பற்றி நிறையப் பேர் பயப்படுகிறார்கள். நல்ல நிலையில் உள்ள வண்டி மே மாதச் சென்னையைத் தாங்கும். தாங்காமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் ரேடியேட்டரில் சேரும் குப்பை. எஞ்சின் பின்னால் இருந்தாலும் ரேடியேட்டர்கள் முன் பம்பரின் இரண்டு ஓரத்திலும் இருக்கின்றன, அவற்றுக்கு முன்னால் ஏசி கண்டென்சர். தரையோடு தரையாக வாய் திறந்திருப்பதால் ரோட்டில் பறப்பதெல்லாம் உள்ளே போகும். என் வண்டியின் பம்பரைக் கழற்றியபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் மெக்கானிக் விரலை விட்டு இழுக்க இழுக்க வந்தது: காய்ந்த வேப்பிலை, ஈசிஆர் மணல், பூ கட்டிய நார், கசங்கிய சிப்ஸ் கவர். அடியில் இருந்த இலை ஈரத்தோடு மக்கி, கண்டென்சரின் அலுமினியத் தகட்டை அரிக்கத் தொடங்கியிருந்தது. "இன்னொரு மழை தாங்கியிருக்காது சார், கேஸ் லீக் ஆயிருக்கும்" என்றார். வருடத்துக்கு ஒரு முறை, மழைக்காலம் முடிந்ததும் பம்பரைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டால் ஏசியும் குளிரும், எஞ்சின் சூடும் ஏறாது. வாய்ப்பகுதியில் மெல்லிய வலை மாட்டிக்கொள்வதும் உதவும்.

கன்வர்டிபிள் வைத்திருப்பவர்கள் கூரையின் தண்ணீர் வடியும் துளைகளையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். வேப்ப மரத்தடியில் நிறுத்தினால் அந்தத் துளை சீக்கிரம் அடைபடும். அடைபட்டால் மழைநீர் சீட்டுக்கு அடியில் இறங்கும். தென்னை மரத்தடி வேண்டவே வேண்டாம். கழுவும் தண்ணீரும் முக்கியம். உப்புப் போர் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால் வெள்ளைத் திட்டு பெயின்டில் பதிந்துவிடும். ஆர்ஓ மெஷினில் வெளியேறும் தண்ணீரை மிச்சப்படுத்திக் கழுவுகிறேன் என்பவர்களும் உண்டு, அதில் உப்பு இன்னும் அதிகம்.

பெட்ரோல்: ஆக்டேன் என்பது அழுத்தும்போது முன்கூட்டியே வெடிக்காமல் தாங்கும் திறனின் அளவு. 20 சதவீத எத்தனால் வரும் முன் சாதாரண பெட்ரோல் இங்கே 91 ஆக்டேனாக இருந்தது. என் எஞ்சினின் அழுத்த விகிதம் 12.5, அதற்கு 95க்குக் குறையக்கூடாது, 98 என்றால் நல்லது. குறைந்த ஆக்டேன் போட்டால், அந்த முன்கூட்டிய வெடிப்பை உணரும் நாக் சென்சார் பற்றவைப்பைத் தள்ளிப் போட்டு எஞ்சினைக் காப்பாற்றப் பார்க்கும், அதற்கு விலையாக இழுவை குறையும். இந்தியன் ஆயிலின் 95 ஆக்டேன் பெட்ரோலான எக்ஸ்பி95 நகரத்தில் தாராளமாகக் கிடைக்கிறது, எக்ஸ்பி100 சில பங்குகளில் மட்டும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம்வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அரை டேங்க்கோடு மாதக்கணக்கில் நிறுத்துவதை ஈரப்பதம் மிகுந்த இந்த ஊரில் தவிர்க்க இதுவும் ஒரு காரணம். பிரேக் ஆயிலும் அப்படித்தான் ஈரம் குடிக்கும். எவ்வளவு குறைவாக ஓட்டியிருந்தாலும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிட வேண்டும்.

மழைக்கு வருவோம். வேளச்சேரிக்காரனுக்கு இதில் விளையாட்டு கிடையாது. 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் பார்த்த பிறகு, கனமழை எச்சரிக்கை வந்தால் ஜனங்கள் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் கார்களை வரிசையாக நிறுத்துவது வழக்கமாகிவிட்டது. பேஸ்மென்டை நம்பாதீர்கள். கரன்ட் போனால் தண்ணீர் இறைக்கும் மோட்டாரும் நிற்கும், தண்ணீர் மளமளவென்று ஏறும். ஆரஞ்சு எச்சரிக்கை வந்த அன்றே, மழை தொடங்கும் முன், மேடான பகுதியில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டிலோ பல அடுக்கு பார்க்கிங்கின் மேல் தளத்திலோ வண்டியை விட்டுவிட்டு மெட்ரோ பிடித்து வாருங்கள். தேங்கிய தண்ணீரில் ஆழம் தெரியாவிட்டால் இறங்கவே கூடாது. முன்னால் போகும் எஸ்யூவி கடந்துவிட்டதே என்று போகாதீர்கள். அது கிளப்பும் அலை நம் கதவின் பாதி உயரம் வரும், எஞ்சின் மூச்சு இழுக்கும் துளை கதவுக்குப் பின்னால் பக்கவாட்டில்தான் இருக்கிறது. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போனால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீரில் நின்ற வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்து பார்ப்பதுதான் எஞ்சினைக் கொல்லும் காரியம். சாவியைத் தொடாமல் பிளாட்பெட்டைக் கூப்பிடுங்கள். சாதாரண பாலிசியில் இந்தச் சேதத்துக்குப் பணம் வராது, எஞ்சின் பாதுகாப்பு கவர் தனியாக எடுத்திருக்க வேண்டும். வண்டிக்கு வயதாகிவிட்டால் அந்தக் கவரும், தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் பம்பர் டு பம்பர் கவரும் கிடைப்பது கஷ்டம். சென்னையில் வாங்குபவர்கள் வண்டியின் வயதை முடிவு செய்யும்போது இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ரோட்டில் மனிதர்கள் நடந்துகொள்ளும் விதத்துக்கும் பழகிக்கொள்ள வேண்டும். பைக்கில் வரும் பையன்கள் ஒரு கையில் போனைப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டே பக்கத்தில் வருவார்கள், "அண்ணா, ஒரு தடவ முறுக்குங்கண்ணா" என்று கேட்பார்கள். அவர்களுடைய கண் ரோட்டில் இருக்காது. நான் வேகத்தைக் குறைத்து அவர்களை முன்னால் விட்டுவிடுவேன். ஒரு தடவை முறுக்கிக் காட்டினால் அடுத்த இரண்டு கிலோமீட்டருக்கு அவன் விடமாட்டான், விழுந்தால் அடிபடுவது அவன். சிக்னலில் குழந்தைகள் கை காட்டினால் கண்ணாடியை இறக்கிப் பேசுங்கள், அது வேறு விஷயம். நாம் உட்காரும் உயரம் குறைவு என்பதால் பஸ் டிரைவர், லாரி டிரைவர் கண்ணுக்கு நாம் பல சமயம் தெரியவே மாட்டோம். பஸ்ஸின் முன் ஓரத்தில் ஒட்டி ஓட்டாதீர்கள், பகலிலும் லைட் போட்டுக்கொள்ளுங்கள்.

நகரத்துக்குள் 2023 நவம்பரிலிருந்து காருக்கு 60 கிலோமீட்டர், குடியிருப்புத் தெருக்களில் 30 கிலோமீட்டர்தான் வரம்பு. அந்த வேகத்தில் இந்த வண்டியில் என்ன இன்பம் என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. ஸ்டியரிங் கையில் பேசும். 50 கிலோமீட்டர் வேகம்வரை ஓடிக்கொண்டிருக்கும்போதே 9 நொடியில் கூரையைத் திறந்துவிடலாம். மார்கழி காலையில் முட்டுக்காடு பாலத்தின் மேல் மெதுவாகப் போவதற்கு ஈடு எதுவும் கிடையாது. ஈசிஆரில் ஞாயிற்றுக்கிழமை வேகம் பார்க்கக் கிளம்புவதை மட்டும் விட்டுவிடுங்கள். குறுக்கே மாடு வரும், கோவளம் போகும் குடும்பங்கள் வரும், சைக்கிளில் பயிற்சி செய்பவர்கள் வருவார்கள். வேகம் வேண்டும் என்றால் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தளம் 1990லிருந்து இருக்கிறது, 3.7 கிலோமீட்டர் சுற்று. டிராக் டே நடக்கும்போது பணம் கட்டி, ஹெல்மெட் போட்டு, வண்டியின் எல்லையை அங்கே தெரிந்துகொள்ளுங்கள். போகும் முன் பிரேக் ஆயிலையும் பேடையும் பார்த்துவிடுங்கள். பந்தயம், வேகச் சோதனையில் வரும் சேதத்தை வழக்கமான கார் பாலிசி ஏற்காது என்பதையும் தெரிந்துகொண்டே போங்கள்.

கடைசியாக வாங்குவது பற்றி. வெளிமாநில வண்டி மலிவாக இருக்கிறது என்று பாய வேண்டாம். வேறு மாநிலப் பதிவில் உள்ள வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவுப்படி மறுபதிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டு ஆயுள் வரியும் கட்ட வேண்டும். 2023 நவம்பரில் திருத்திய பிறகு 20 லட்சத்துக்கு மேலான புது வண்டிக்கு வரி 20 சதவீதம், பழைய வண்டிக்கு வயதைப் பொறுத்துக் குறையும். இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் டெல்லி விலையையும் சென்னை விலையையும் ஒப்பிட வேண்டும்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும், நீங்கள் வரும் முன் ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாக்ஸ்டரில் எஞ்சினைக் கண்ணால் பார்க்கவே முடியாது. ஆயில், கூலன்ட் ஊற்றும் மூடிகள் பின் டிக்கியில் இருக்கும், ஆயில் அளவை மீட்டரில்தான் பார்க்க வேண்டும், குச்சி கிடையாது. அதனால் ஸ்கேனர் மாட்டி கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கும் எஞ்சின் ஓடிய மணி நேரத்தையும், வரம்பு மீறிச் சுழன்ற பதிவையும் எடுத்துத் தரச் சொல்லுங்கள். கிலோமீட்டரையும் மணி நேரத்தையும் வைத்துப் பார்த்தால் மீட்டரைக் குறைத்திருந்தால் காட்டிக் கொடுத்துவிடும். அப்புறம் சர்வீஸ் பில்கள். உதிரிபாகத்தின் விலை, புது வண்டி என்ன விலையோ அந்தக் கணக்கில்தான் இருக்கும், நீங்கள் பாதி விலைக்கு வாங்கினீர்கள் என்பதற்காகப் பாதியாகாது. கண்ணாடி மூடி, டிரிம் கிளிப் மாதிரியானவை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ கிடைத்தாலும் கிடைக்கும், சென்சாரும் கூலன்ட் பம்ப்பும் ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டியவை. இரண்டு வண்டிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால், ஷோரூம் வாசனை மாறாமல் சில ஆயிரம் கிலோமீட்டர் மட்டும் ஓடியதை விட்டுவிட்டு, ஐம்பதாயிரம் ஓடி வருடா வருடம் பில் வைத்திருப்பதை எடுங்கள். என் வண்டியை நான் அப்படித்தான் எடுத்தேன்.